பச்சையில் நிற்கும் முள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் முளைத்ததில்லை. என் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்ட வந்த மச்சான் (தங்கையின் கணவர்) ஏணிமேல் நின்று உளறியது. எழுத்தாளன் வீட்டில் ஏணி ஏறுகிறவர்கள் வாயைப் பூட்டிக்கொண்டு ஏற வேண்டும். அவருக்கு அது தெரியாது.

அரசுப் பள்ளிகளுக்குத் தீயணைப்பு சிலிண்டர் நிரப்பித் தரும் கம்பெனியில் அவருக்கு வேலை. நிரப்புவது என்றால், பவுடருக்குப் பதில் எடைக்கு மணல், மிச்சத்துக்குக் காற்று. காற்றழுத்தம் இருந்தால் போதும், சிலிண்டர் தலையிலுள்ள அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கும். அரசாங்கம் முள்ளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும்.

"அப்ப போய்ச் சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொல்லாம இருப்பேனா மச்சான்? அரசாங்கத்தை ஏமாத்துறவனைக் காட்டிக் கொடுத்தா, மீட்கிற பணத்துல நமக்கு ஒரு பங்கு. சட்டமே இருக்கு."

2.

தொடக்கம், முதல் முயற்சி: "நேர்மை என்பது ஒரு தனிமையான" [த்தூ.]

இரண்டாம் முயற்சி: "அவருடைய மனசாட்சி விழித்துக்கொண்ட அந்தக் காலை" [விழித்தது மனசாட்சி இல்லை, கால்குலேட்டர்.]

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. எல்லாம் தெரிந்த மனிதர் ஏன் இன்னும் போகவில்லை? அன்று ஏணிமேல் நின்றவரிடமே கேட்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரி ஆர்டரும் வரப்போகுது. ஏமாத்துன தொகை பெருசானாத்தானே நம்ம பங்கும் பெருசாகும்? பிஞ்சுலயே பறிக்கச் சொல்றீங்களா?"

அடப்பாவி மனுஷா. திருட்டு பழுக்கட்டும் என்று மரத்தடியில் காத்திருக்கும் காவல்காரனை நான் கற்பனையில்கூட எழுதியதில்லை.*

* விமர்சகர்கள் 'மிகை' என்பார்கள். அவர்கள் என் மச்சானைப் பார்த்ததில்லை.

3.

கூட வந்திருந்த தங்கை அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். (கதைக்கு வசதியாக என்று நினைக்காதீர்கள். வீட்டில் மொத்தமே இரண்டு அறைதான்.)

"நம்ம பாப்பா ஸ்கூல்லயும் நீங்க நிரப்பினதுதானே மாட்டியிருக்கு?"

மச்சான் சட்டைப்பையில் திருகாணி தேடினார்.

"ஆமா. ஆனா அவ கிளாஸ் வாசல் பக்கம்தான், ஓடி வந்துடலாம். நான் பார்த்துட்டேன்."

தங்கை முகம் [இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்].

"அண்ணா, நீயாவது ஏதாவது பண்ணு" என்றாள். எனக்குத் தெரிந்த 'ஏதாவது' இது ஒன்றுதான். எழுத உட்கார்ந்தேன்.

4.

முடிவு அ: மச்சான் போய்ச் சொல்கிறார். பரிசு வருகிறது. வீடு கட்டுகிறார். அதில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டுகிறார். [வேறு கம்பெனியுடையது.]

முடிவு ஆ: மச்சானை முந்திக்கொண்டு நான் போகிறேன். [என் மனைவிக்கு இதுதான் பிடித்தது.]

முடிவு இ: பள்ளியில் ஒரு நாள் மதியம் [மாட்டேன். இதை எழுத மாட்டேன்.]

5.

பிறகுதான் அந்தச் சட்டத்தைப் படித்தேன். அதில் ஒரு கொக்கி: ஏற்கெனவே ஊருக்கு அம்பலமான விஷயத்தைக் கொண்டுபோனால் பரிசு கிடையாது. அச்சில் வந்தாலே அம்பலமானதாகத்தான் கணக்கு. மச்சானிடம் சொன்னேன். ஆடிப்போய்விட்டார்.

"கதையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க மச்சான். ஆஸ்பத்திரி ஆர்டர் வரட்டும். உங்களுக்கும் ஒரு பங்கு தர்றேன்."

[உடனே மறுத்தேன் என்று எழுத ஆசை. ஒரு காபி குடித்து முடிக்கும்வரை யோசித்தேன்.]

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் கதை அச்சாகிவிட்டது. பரிசு போச்சு. மச்சானுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. மச்சான் இனிப் போகமாட்டார். பைசா பெயராத இடத்துக்கு எதற்கு வண்டிச் செலவு? தங்கை தன் மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டாள். நான் கதை எழுதிவிட்டேன். ஆக, எங்கள் குடும்பம் கடமையை முடித்துவிட்டது. பாப்பா உட்கார்ந்த பெஞ்சில் இப்போது யாரோ ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. சுவரில் முள் பச்சையில்தான் நிற்கிறது.

முடிவை உங்களிடம் விடுகிறேன். புகார் வாங்கும் அலுவலகம் சாயங்காலம் வரை திறந்திருக்கும். சும்மா போய்ச் சொல்ல வேண்டியதுதான்.

போவீர்களா?