பாலத்தில் குத்திய குண்டூசி

மாலை வகுப்பில் அண்ணி சேர்ந்த அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் எழுதுவதைப் படித்தால் நான் ஏதோ நியாயஸ்தி மாதிரி தெரியும்.

வகுப்பு நூலகத்தின் மாடியில். செவ்வாய், வெள்ளி, ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை. எட்டு கணினிகளுக்குப் பதினொரு பேர். எங்கள் ஊருக்கு ஒரு வரைபடம் செய்கிறோம். திரையின் அடியில் உள்ள பட்டையை இடப்பக்கம் இழுத்தால் வருடங்கள் பின்னால் போகும். புதிய கட்டடங்கள் மறையும், தெருக்கள் ஒல்லியாகும். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த இடத்தில் அப்போது என்ன கடை இருந்தது, யார் நடத்தினார்கள் என்று படத்தோடு வரும். யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வகுப்பு முடிந்ததும் இந்த வரைபடத்தைப் பராமரிக்க நூலகர் எங்களில் ஒருவரை வேலைக்கு எடுப்பார். அதற்காகத்தான் நான் பகல் முழுக்க லேமினேஷன் கடையில் நின்றுவிட்டு அந்த மாடிப்படி ஏறினேன். அண்ணி எதற்கு வந்தார்? "வீட்ல தனியா உக்காந்து என்ன பண்றது, நானும் வரேனே" என்று வந்தார்.

என் பங்கு, 1938ஆம் வருடத்து நில அளவைத் தாளை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்துவது. தாளில் ஓர் இடம், இன்றைய படத்தில் அதே இடம். இரண்டையும் குண்டூசி குத்துவதுபோல் சேர்க்க வேண்டும். நான்கு ஊசிகள் குத்தினேன்: பாலம், ரயில் நிலையம், நீதிமன்றம், இவை மூன்றுக்கும் நடுவே மணிக்கூண்டு. எவ்வளவு பிழை என்று கணினி மீட்டரில் சொல்லும். மணிக்கூண்டில்தான் அதிகம் காட்டியது. மூன்று வகுப்புகள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, மணிக்கூண்டின் ஊசியைப் பிடுங்கிப் போட்டேன். பிழை பூஜ்யம் என்று வந்தது. நோட்டில் அதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன், ஸ்கேல் வைத்து. எனக்கு வீட்டில் பெயரே ஸ்கேல்தான். வைத்தவர் அண்ணி. வகுப்பிலும் அதைப் பரப்பியவர் அவர்தான்.

அண்ணிக்கு ஊசியும் தெரியாது, மீட்டரும் தெரியாது. ஆற்றோரத் தெருவில் கடை கடையாக ஏறிப் பேசுவார். "உங்கப்பா கடை எங்க இருந்துச்சு?" என்பார். அவர்கள் கூட்டிப்போய் நிறுத்திய இடத்தில் கைபேசியை நீட்டி ஒரு புள்ளி வைப்பார். திரும்பும்போது பழைய புகைப்படங்கள், ஒரு தையல்காரரின் அளவுப் புத்தகம், நாடகக் கொட்டகையின் நோட்டீஸ் என்று கை நிறைய இருக்கும். நூலகர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். என் பூஜ்யத்தைப் பார்த்து யாரும் கன்னத்தில் கை வைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அண்ணியின் இருபத்திரண்டு புள்ளிகளையும் என் தாளின்மேல் ஏற்றினார்கள். ஏழு புள்ளிகள் ஆற்றுக்குள் இருந்தன.

"அக்கா, தையல்காரர் தண்ணிக்குள்ள நின்னா தைச்சாரு?" என்றான் பின்வரிசையில் இருந்த மெக்கானிக்.

"மீனுக்கு ரவிக்கை தைச்சிருப்பாரு" என்றார் அவன் பக்கத்தில் இருந்த நர்ஸ். வகுப்பே சிரித்தது. அண்ணியும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "தாள் சரியாத்தானே உக்காந்திருக்கு?"

"பிழை பூஜ்யம் சார்" என்றேன். அந்தச் சொல் வாயில் அப்படி இனித்தது.

மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அண்ணி மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, எல்லாரையும் கரை சேர்க்கிறியா?" என்றான் அண்ணன்.

"கிண்டல் பண்ணாதீங்க. ஸ்கேல் போட்டது தப்பா இருக்காது. அவங்க காட்டின இடத்தை நான்தான் சரியாப் புரிஞ்சுக்கலை போல." பிறகு என்னிடம் ஒரு புகைப்படத்தை நீட்டினார். "இதைப் பாரேன். தையல்கடைக்குப் பக்கத்துல பாலத்துத் தூண். அது இன்னும் அங்கதான் மொட்டையா நிக்குது, மேல துணி காயப்போட்டிருக்காங்க. அதை வச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிச்சேன்."

பார்த்தேன். பாலத்தின் தூண் அங்கே இருந்தால், இன்றைய பாலம் ஏன் நாற்பதடி தள்ளி இருக்கிறது? பழையது போய்ப் புதியதைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். நான் பழைய பாலத்தைப் புதிய பாலத்தில் குத்தி, ஊரையே இழுத்து ஆற்றங்கரையைக் கோணலாக்கியிருக்கிறேன். நடுவில் இருந்த மணிக்கூண்டு அதைத்தான் கத்திச் சொன்னது. அதன் வாயைத்தான் அடைத்தேன். மூன்று ஊசி மட்டும் இருந்தால் பிழை எப்போதும் பூஜ்யமாகத்தான் காட்டும் என்று முதல் வாரமே ஆசிரியர் சொன்னது என் நோட்டிலேயே இருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணி இன்னும் மூன்று கடைகளைத் தப்பான இடத்துக்கு நகர்த்தும்வரை தண்ணீர் குடிப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நூலகர் முடிவு சொல்லிவிடுவார். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அண்ணியின் 'தப்பா இருக்காது' மட்டும் முள்ளாகக் குத்தியது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே போனேன். மணிக்கூண்டின் ஊசியைத் திரும்பக் குத்தினேன். பாலத்து ஊசியைப் பிடுங்கி மொட்டைத் தூணில் குத்தினேன். பிழை ஒன்றரை மீட்டர். அண்ணி நகர்த்திய புள்ளிகளின் பழைய இடங்கள் மாற்றப் பட்டியலில் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் திருப்பிவிட்டேன். இருபத்திரண்டும் தத்தம் வாசலில் போய் நின்றன.

சேமிக்கும்போது இரண்டு கட்டங்களை நிரப்பச் சொன்னது. பிழை யாருடையது? என் பெயரை எழுதினேன், அது சுலபம். பிழையைக் கண்டுபிடித்தவர் யார்? அதிலும் என் பெயரை எழுதினேன். பொய்யா என்ன? மேசையருகே நின்று கண்டுபிடித்தது நான்தானே? தவறு செய்தவளே திருத்தினாள் என்று படித்தால் நூலகருக்குப் பிடித்தும் போகலாம். ஐந்து நிமிடம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டு அண்ணியின் பெயரை எழுதினேன். மனம் ஒன்றும் லேசாகவில்லை.

ஆறரை மணிக்கு நூலகர் மாற்றப் பட்டியலை, இரண்டு பெயர்களோடும், சத்தமாகப் படித்தார். மெக்கானிக் கை தட்டினான். "மீன் ரவிக்கையெல்லாம் திருப்பிக் குடுத்துடுச்சு" என்றார் நர்ஸ். நூலகர் அண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். "நான் எப்போ கண்டுபிடிச்சேன்?"

"புதன்கிழமை. மேசையில."

பேருந்தில் ஜன்னலோர இடத்தை முதலில் பிடித்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "ஸ்கேல், எனக்கு அந்தக் குண்டூசி குத்துற வேலையைச் சொல்லிக் குடு. திங்கட்கிழமை கேட்டாங்கன்னா முழிப்பேன்" என்றார்.

"செவ்வாய்க்கிழமை சொல்லித் தரேன் அண்ணி" என்றேன்.