அவள் வாயை அடைக்கும் பட்டன்

வசிலி இருக்கையில் உட்கார்ந்தான். பெல்ட்டைக்கூட இன்னும் இழுக்கவில்லை. அதற்குள் அவனுடைய கட்டைவிரல் போய் அந்தப் பட்டனை அழுத்திவிட்டது.

"என்ன அழுத்தினே?" என்று கேட்டேன்.

"எப்போ?"

"இப்போதான். உட்கார்ந்ததும்."

"ஒன்னும் அழுத்தலையே மச்சான்."

அவன் பொய் சொல்லவில்லை. என் எரிச்சலே அதுதான். அவனுக்கே தெரியாது.

விமானம் மலைக்கோ தரைக்கோ நெருங்கினால் ஒரு பெண் குரல் "நிலம்! நிலம்! மேலே இழு!" என்று கத்தும். அதை ஊமையாக்கும் பட்டன் அது. உயரத்தில் பறக்கிறவர்களுக்கு அந்தக் குரல் எப்போதாவதுதான் கேட்கும். எங்கள் மேற்கு அலாஸ்காவில் மேகம் கூரைக்குச் சற்று மேலேதான் தொங்கும். அதற்கு அடியில் ஊர்ந்துதான் ஊருக்கு ஊர் போக வேண்டும். கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை அவள் கத்திக்கொண்டே வருவாள். பயணிகள் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இங்கே எல்லா விமானிகளும் முதல் வேலையாக அவள் வாயை அடைத்துவிடுகிறார்கள். புதிதாக வருகிறவனுக்கு டீ எங்கே கிடைக்கும் என்று காட்டுவதற்கு முன்பே இதைக் காட்டிவிடுகிறார்கள்.

எங்கள் சிமுலேட்டர், விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குப் பின்னால் ஒரு கன்டெய்னரில் இருக்கிறது. ஒரு பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தின் மூக்கை வெட்டி வைத்து, முன்னால் மூன்று பெரிய திரைகள். விமானிகளை அதில் உட்காரவைத்துப் பழக்குவது என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் யாரும் பயணிகளை ஏற்ற முடியாது. வசிலிக்குப் போன வருடம் போட்ட கையெழுத்து நேற்றோடு காலாவதி.

அவன் என் தங்கை நாஸ்தியாவின் கணவன். நாஸ்தியா நிறைமாதம். எங்கள் கிராமங்களில் மருத்துவர் கிடையாது. பிரசவத்துக்கு முன்பே நகரத்துக்கு வந்து விடுதியில் காத்திருக்க வேண்டும். இன்று மதியம் மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்குப் போய் அவளை அழைத்துவர வேண்டும் என்று வசிலி ஒற்றைக்காலில் நின்றான். தன் மனைவியை வேறு எவனும் ஏற்றிவரக் கூடாதாம்.

"அரை மணி நேரத்துல முடிச்சு விட்டுடு மச்சான். வானம் நல்லாருக்கு."

"உட்கார்."

திரையில் வெள்ளையைப் போட்டேன். மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நிழல் கிடையாது, அடிவானம் கிடையாது. பாலில் விழுந்த ஈக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் விமானிக்கும் தெரியும். வசிலி சிரித்துக்கொண்டே கணவாய்க்குள் போனான். கொஞ்ச நேரத்தில் திரை சிவந்தது.

"செத்துட்டே," என்றேன்.

"உன் பொம்மை பொய் சொல்லுது. நிஜத்துல விமானம் சாஞ்சா, உட்கார்ற இடத்துலயே எனக்குத் தெரியும்."

"உன் பின்பக்கத்துக்குக் கண்ணு இருக்கா?"

மறுபடி போனான். மறுபடி சிவப்பு.

"என் கல்யாணத்துல உனக்குச் சின்ன மீன் துண்டு வச்சதுக்கு இன்னும் கோபமா?"

"ஓட்டு மாப்ளே."

மூன்றாம் முறையும் அதே மலை. ஹெட்போனைக் கழற்றி வீசினான்.

"விமானப் பள்ளியில பாதியிலே ஓடி வந்தவன், ராத்திரி ஷிஃப்ட்ல மூட்டை தூக்கினவன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"விழுந்த விமானத்துல இருந்து மீட்ட மூட்டையெல்லாம் ராத்திரி ஷிஃப்டுக்குத்தான் வரும். நான்தான் இறக்குவேன். ரத்தம் பட்ட டயாப்பர் பெட்டியை எந்த அலமாரியில வைக்கணும்னு எவனும் பள்ளியில சொல்லித் தரல."

அவன் குனிந்து ஹெட்போனை எடுத்தான். நான் அடுத்ததைத் திரையில் ஏற்றினேன். நிஜ விமானம் போன பாதையை அதிலுள்ள கருவி நொடிக்கு நொடி பதிந்துவைக்கும். அதை எடுத்து மலைகளின் படத்தின்மேல் ஓட்டிப் பார்க்கலாம். வேண்டுமானால் மேகத்தைத் துடைத்துவிட்டும் பார்க்கலாம். காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன வியாழக்கிழமை கணவாய் எப்படி இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்துச்சு. கொஞ்சம் வெள்ளை. நேரா வந்துட்டேன்."

"பார்."

முதலில் மேகத்தோடு காட்டினேன். குட்டி விமானம் வெள்ளைக்குள் போயிற்று, வெள்ளையிலிருந்து வெளியே வந்தது. பிறகு மேகத்தைத் துடைத்தேன். விமானம் நேராகப் போகவில்லை. மெல்லச் சாய்ந்து, மெல்ல இறங்கி, மலையின் தோளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவில் எங்கள் சர்ச் கோபுரம்கூட நிற்காது.

"இது வேற யாரோடதோ."

"உன் விமானம். உன் நேரம். பின் சீட்டுல யார் இருந்தா?"

அவனுக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்துவிட்டு நாஸ்தியா அதில்தான் வீடு திரும்பினாள்.

"தூங்கிட்டு வந்தா," என்றான் வசிலி.

எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை போடு," என்றான். போட்டேன். நான்கு முறை பார்த்தான்.

பிறகு குரலை ஊமையாக்காமல் ஓட்டச் சொன்னேன். கிளம்பியதுமே அவள் கத்த ஆரம்பித்தாள்.

"இந்தக் கத்தலோட மனுஷன் எப்படி ஓட்டறது?"

நியாயமான கேள்விதான். "சமவெளியில அவ வாயை மூடிக்கோ. கணவாய்க்கு முன்னாடி திற. முன்னாடி இருக்கிற மலைப் படத்தையும் பார். மலை கிட்ட வந்தா அதுல சிவப்பாத் தெரியும், தெரிஞ்சா திரும்பு. யாரும் உன்னைக் கேலி பண்ண மாட்டாங்க."

"எல்லாரும் பண்ணுவாங்க."

"சரி, பண்ணுவாங்க. திரும்பு."

இந்த முறை மலைப் படத்தில் சிவப்பைப் பார்த்ததும் திரும்பினான். முகம் வியர்த்திருந்தது. கணவாயிலுள்ள வானிலை கேமராவைப் போனில் திறந்து அவனிடம் நீட்டினேன். படத்தில் இருக்க வேண்டிய மலை படத்தில் இல்லை. வெறும் வெள்ளை. அவன் அதே போனில் நாஸ்தியாவைக் கூப்பிட்டான்.

"இன்னிக்கு வரல."

"என்னது? பையைக் கட்டிக்கிட்டுக் கதவுகிட்ட உட்கார்ந்திருக்கேன்! உள்ளே இவன் உதைக்கிறான், வெளியே நீ உதைக்கிறியா? அண்ணன் பக்கத்துல இருக்கானா? அவன்கிட்ட குடு!"

வாங்கினேன்.

"அண்ணே, என்ன சொல்லி அவனைப் பயமுறுத்தினே?"

வசிலி வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"கணவாய் மூடிக்கிடக்கு. திறந்ததும் வருவான்."

"நேத்தும் இப்படித்தான் கிடந்துச்சு! அடுத்த கம்பெனிக்காரன் வந்து இறங்கிட்டுப் போனான். உங்க ரெண்டு பேருக்கும்தான் பயம்!"

வைத்துவிட்டாள். பிழைத்து வந்தவனைக் காட்டித்தான் எல்லாரும் எங்களோடு வாதாடுகிறார்கள். என் தங்கையும் அப்படித்தான். தன் கால்களுக்கு அடியில் எந்தப் பாறை போயிற்று என்று தெரியாமல்.

"அவகிட்ட சொல்லாதே," என்றான் வசிலி.

"நீ சொல்லு."

"சொல்றேன். முதல்ல கையெழுத்துப் போடு. அதான் திரும்பினேன்ல?"

"ஒரு தடவை திரும்பினே. எழுந்து வெளியே போயிட்டு வா. முதல்ல இருந்து."

அவன் என் அம்மாவைத் திட்டினான். அவள் அவனுக்கு மாமியார் என்பது பாதியில் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தான். இருக்கையில் உட்கார்ந்தான். பெல்ட்டை இழுக்கவில்லை. கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது.

"வசிலி."

குனிந்து பார்த்தான். வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இது எப்போ அங்கே போச்சு?" என்றான்.

"எழுந்திரு," என்றேன். "மறுபடி வந்து உட்கார்."