முன்பு ஏற்றிய ரத்தம்

சித்தாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், மாமியார் தண்ணீர்ச் சொம்பை மருமகள் முன்னால் நங்கென்று வைத்தாள்.

“குடி.”

“இப்பதானே அத்தை குடிச்சேன்.”

“அது உனக்கு. இது உள்ள இருக்குறதுக்கு. நாள் பூரா சாந்துச் சட்டி தூக்குற தலை இது. உன்னையும் தூக்கிட்டு அலைய முடியாது. குடிடீ.”

வெல்டிங் பட்டறைக்குப் புறப்பட்ட மகன் செருப்பை மாட்டியபடி சிரித்தான். “ஏம்மா, புதுக் கான்கிரீட்டுக்குத் தண்ணி விடுற மாதிரி விடுறியே!”

“ஆமாடா, காய விட்டா விரிசல் விடும்ல?”

மருமகளும் சிரித்துக்கொண்டே குடித்தாள். அவளுக்கு இது ஏழாவது மாதம். உடம்பில் சிக்கிள் செல் நோய். வட்டமாக இருக்க வேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து, குழாய்களில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ எலும்புக்குள் ஆணி அடிப்பதுபோல் வலிக்கும். கர்ப்பத்தில் செய்த முதல் சோதனையிலேயே இது தெரிந்துவிட்டது. புருஷனுக்கும் உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவன் ரத்தத்தில் அந்தக் குறை இல்லை. எனவே பிள்ளைக்கு நோய் வராது என்றார் டாக்டர். வீடு நிம்மதியாக மூச்சு விட்டது.

அன்று அவளுடைய அம்மா, “பிறவியிலேயே இருக்கும்னு சொல்றாங்க சம்பந்தி. எங்களுக்கே இப்பத்தான் தெரியுது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பச்சைப் பொய். பள்ளிக்கூட வயதிலேயே மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றியவள் அவள். வெளியே தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம். பெண் பார்க்க வந்தபோது பூசி மெழுகிவிட்டாள். மகளும் வாய் திறக்கவில்லை. பிறகு இந்த வீட்டின் பாசம் கூடக்கூட, சொல்லும் தைரியம் குறைந்துகொண்டே போனது.

அந்த ஏழாவது மாதத்திலேயே ஒரு வாரக் கடைசியில் முதுகிலும் காலிலும் வலி பிடித்து, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் மிகவும் இறங்கிவிட்டது, ஏற்றியாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. கட்டிலின் ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் அம்மா.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கா?”

“ஐயோ, இல்லவே இல்ல. ஊசி போட்டதுகூட இல்ல டாக்டரம்மா” என்று முந்திக்கொண்டாள் அம்மா. போர்வைக்கு அடியில் மகளின் கையை அழுத்திப் பிடித்தாள்.

டாக்டர் மகளைத்தான் பார்த்தார். “எதுக்குக் கேக்குறேன்னா, முன்னாடி ஏத்தியிருந்தா, சில பேரு உடம்பு அதை அந்நியன்னு அடையாளம் வச்சுக்கும். வருஷம் போனா அந்த அடையாளம் சோதனையில தெரியாமலும் போகலாம். உடம்பு மறந்திருக்காது. அதே வகை ரத்தம் மறுபடி ஏறுனா, சில நாள்ல அதை உடைக்க ஆரம்பிச்சிடும். கண்ணு மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப் போகும், சொந்த ரத்தமும் சேந்து உடையலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.”

அவளுக்கு வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. பள்ளிக்கூட வயதில் ரத்தம் ஏற்றி வீடு திரும்பிய சில நாளில் தன் கண் மஞ்சளானதும், டீ டிக்காஷன் போலச் சிறுநீர் போனதும், அம்மா அவளை அள்ளிக்கொண்டு மறுபடி ஓடியதும் கண் முன்னால் வந்தன. கையை உருவிக்கொண்டாள்.

“ஏத்தியிருக்காங்க டாக்டர். சின்ன வயசுல. நீங்க சொன்ன அத்தனையும் அப்ப எனக்கு வந்துச்சு.”

அம்மா தரையைப் பார்த்தாள். மாமியார் சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

“அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் எங்ககிட்ட தள்ளி விட்டீங்க?”

“சம்பந்தி...”

“பேசாதீங்க. எனக்கு வாயில நல்லதா வராது.”

டாக்டர் காத்திருக்கவில்லை. பழைய ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு, அங்குள்ள ரத்த வங்கிக்குப் போன் போட்டார். எந்த வகை ரத்தம் அவளுக்கு ஆகாது என்று அங்கிருந்து தெரிந்தது. அதற்கேற்ற ரத்தம் உடனே கிடைக்கவில்லை. புருஷன் பட்டறை உடுப்போடு பக்கத்து ஊர் ரத்த வங்கிக்கு ஓடினான். மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே மருமகளின் காலைப் பிடித்துவிட்டாள்.

“கோவமா அத்தை?”

“கோவந்தான். காலைக் காட்டு.”

ரத்தம் ஏறியது. அடுத்து வந்த நாட்களில் கண்ணையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துக் கழித்தார்கள். எதுவும் ஆகவில்லை. மாதம் நிறைந்ததும் பெண் குழந்தை பிறந்து, வார்டே அதிரும்படி கத்தியது. “தொண்டை மட்டும் என்னை மாதிரி” என்று மாமியார் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “உங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறதுன்னு தெரியல சம்பந்தி.”

“இருக்குற மூஞ்சிய வச்சுக்கிட்டே பேசுங்க. என்கிட்ட பொய் சொன்னதுக்கு நான் கொஞ்ச நாள் திட்டுவேன், அப்புறம் விட்டுடுவேன். டாக்டர்கிட்ட சொன்ன பொய்ய உங்க பொண்ணு உடம்பு விட்டிருக்குமா?”

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. அவளுடைய நாத்தனார். பிள்ளை பிறந்ததை விசாரித்துவிட்டு, “ஆமா, நடுவுல என்னத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தா?” என்று கேட்டாள். சூடு, களைப்பு என்று சொல்லித்தான் அம்மாவுக்குப் பழக்கம். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.

“அவளுக்கு சிக்கிள் செல்லு, அண்ணி. சின்னதுலேருந்தே இருக்கு. குடும்ப வழியா வர்றது, அதனால உங்க பிள்ளைங்களுக்கும் கல்யாணத்துக்கு முன்னாடியே சோதிச்சுப் பாருங்க. நோய் வந்தது யாரோட தப்பும் இல்ல. டாக்டர்கிட்ட மறைச்சேன் பாருங்க, அது என் தப்பு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் கௌரவம் பொழச்சிருக்கும், என் பொண்ணு பொழச்சிருக்க மாட்டா.”