வண்டி போய் முடிகிற நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விசில் சத்தத்தில் பிறந்தது. ரயில் நின்றுபோன பழைய இரும்புப் பாலம் ஒன்றை, பலகை போட்டுக் கம்பி கட்டி, நடப்பதற்கென்று திறந்துவிட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். யாரோ கைப்பிடிமேல் ஏறி உட்கார, காவலாளி விசில் ஊதினார். எதிரே வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று ஓரத்து மேடைக்குள் ஒதுங்கி, கம்பியை இறுகப் பிடித்து, ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டார். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பெண், கழுத்தில் அளவு நாடாவோடு*, அப்படியே நின்று அவர் முதுகைப் பார்த்தாள். நான் கண்டது ஏறக்குறைய இவ்வளவுதான். மீதி பெரும்பாலும் என் கைச்சரக்கு.

(அந்த மேடை, பாலத்தில் வேலை பார்க்கிறவர்கள் வண்டி கடக்கும்வரை ஒதுங்கி நிற்பதற்காகப் பக்கவாட்டில் நீட்டி வைத்தது. இப்போது அதில் நின்று படம் எடுக்கிறார்கள்.)

2

"ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மனதிலோ..."

வேண்டாம். இப்படி ஆரம்பித்த கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

அவள் தையல்காரி. அவர் அவளுடைய அண்ணன், இதே பாலத்தில் தண்டவாளம் பார்த்த கேங்மேன். (கணவன் மனைவியாக இருந்தால்? மூக்கு ஒரே மாதிரி இருந்தது. அதை நம்பி இறங்கிவிட்டேன்.) அவர் அக்கரை, அவள் இக்கரை. பேச்சுவார்த்தை கிடையாது. அவள் புருஷன் செத்த அன்றைக்கு ஆற்றில் வெள்ளம். வண்டியை விடலாமா கூடாதா என்று பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாவுக்கு வரவில்லை. மறுநாள் ஈரச் சட்டையோடு வந்தவரை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உனக்கு இந்தப் பாலம்தான் கூடப்பொறந்தது. அங்கயே போ."

போய்விட்டார். பிறகு யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "அக்கரைக்கு எங்க போறது? ஊரையே சுத்தணும், ரெண்டு பஸ் மாறணும்." பாலத்தைத் திறந்து அந்தச் சாக்கில் மண்ணைப் போட்டுவிட்டார்கள்.

2, மறுபடியும்

திறந்த பிறகும் அவள் போகவில்லை. அப்புறம் இன்றைக்கு மட்டும் ஏன் போனாள்? இந்த இடத்தில் ரொம்ப நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் அவள் மகளைக் கூப்பிட்டுப் பேசவைத்தேன்.

"மாமா தினமும் பாலத்துல பாதி வரைக்கும் வர்றாராம்மா. நின்னு பார்த்துட்டுத் திரும்பிடறாராம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. நீதான் காதுல வாங்கல."

"வந்தா வரட்டும், எனக்கென்ன" என்று அவள் மெஷினை மிதித்தாள். சட்டைக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் தலைகீழ். எழுந்துவிட்டாள்.

4

(மூன்றைக் கிழித்துவிட்டேன். அதில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கே சகிக்கவில்லை.)

தூரத்தில் வரும்போதே அவளுக்கு அந்த நடை தெரிந்துவிட்டது. அவரும் தன்னைப் பார்த்துவிட்டார் என்றுதான் தோன்றியது. அந்த நேரம் பார்த்து விசில். அவர் மேடைக்குள் போய் முதுகைக் காட்டிவிட்டார்.

அது உடம்பில் ஊறிய பழக்கமா? இல்லை, தங்கச்சி முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் விசிலைச் சாக்காக்கினாரா? அவரை எழுதுகிறவன் நான், எனக்கே பிடிபடவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

முடிவு அ: அவள் திரும்பிப் போனாள். காலரை நேராகத் தைத்தாள். (அடித்துவிட்டேன். இத்தனை தூரம் நடக்கவைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை.)

முடிவு ஆ: அவள் நின்றாள். சின்ன வயதில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. "விசில் கேட்டா ஒதுங்கிடணும். வண்டி முழுசா போற வரைக்கும் திரும்பவே கூடாது, காத்து இழுத்துடும்." அப்படியென்றால் வண்டி போகட்டும். அவள் காத்திருந்தாள். எவ்வளவு நீளமான கூட்ஸ் வண்டியும் அந்நேரத்துக்குள் போய் முடிந்திருக்கும். அவர் திரும்பவில்லை.

5

அப்புறம் நடந்ததில் கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது. அவள் மேடைப் பக்கம் போய் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, காற்றில் சத்தம் வரவில்லை. அதற்குள் காவலாளி என் தோளைத் தொட்டார்.

"சார், வழியில நிக்காதீங்க. நகருங்க."

"ஒரு நிமிஷம், ஒரு கதை..."

"அதை வீட்ல போய் எழுதுங்க சார்."

வந்துவிட்டேன். அவள் சொன்னதை இப்போது நானாகத்தான் எழுதவேண்டும். "அன்னிக்கு ஏன் வரல?" என்று எழுதி அடித்தேன். "மன்னிச்சுடு" என்று எழுதினேன். அவள் வாயில் அது வராது. அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியது இதுதான்:

"வண்டி போயிடுச்சு அண்ணா. வெளிய வா."

திரும்பினாரா? என்னை நகர்த்திவிட்டார்கள். உங்களை யாரும் நகரச் சொல்லவில்லை, நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள். அவர் கை கம்பியை விட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

* அளவு நாடா நிஜம். கழற்ற மறந்து வந்திருக்கிறாள். தையல்காரி என்பது அதைப் பார்த்து நான் ஊகித்தது.