டவுனுக்கு ஒரு விரல்

நோகன்யோ அக்காவின் வீட்டில் துக்கம் காப்பதற்காக மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டிருந்தார்கள். அவள் அதன்மேல் கறுப்புப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். கணவன் முசுகிசி செவ்வாய்க்கிழமை இறந்திருந்தான். சொவேட்டோவில் செத்தாலும் அடக்கம் சொந்த ஊரில்தான். உடலைக் கொண்டுபோகும் வண்டிக்காரன் முழுத் தொகையையும் முன்கூட்டியே ஒரே தவணையாகக் கேட்டான். கேப்டவுனிலும் சுரங்கங்களிலும் இருந்த உறவினர்கள் அனுப்பத் தயார். யாருடைய வங்கிக் கணக்குக்கு என்பதில்தான் சிக்கல்.

அக்காவின் வங்கி அட்டை கடனுக்கு ஈடாக வட்டிக்காரனிடம் இருந்தது. கணக்கில் வருவதை அவன் எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் எல்லோரும், நான் உட்பட, அரசாங்கத்தின் மாத உதவி வாங்குகிறவர்கள். வேறு வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டுமே அது. மாதந்தோறும் எங்கள் கணக்குகளை ஒரு கணினி பார்க்கிறது. பணம் வந்தது அதற்குத் தெரியும். யாருக்காக வந்தது என்று தெரியாது.

"என் கணக்குல போட்டா நான் பணக்காரியாயிடுவேன். போன தடவை சீட்டுப் பணம் வந்ததுக்கே உதவிய நிறுத்திட்டான்," என்றாள் தண்டேகா சித்தி. "உசிரோட இருந்தப்ப முசுகிசி ஜேப்புல காசே நின்னதில்ல. இப்ப தெருவையே பணக்காரத் தெருவாக்கப் பாக்குறான்."

யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

நான் டவுனில் படிக்கும் மாலை வகுப்பில் வியாழனன்று விவாதம்: உதவியை ஏழைகளுக்கு மட்டும் தருவதா, கேள்வி கேட்காமல் எல்லோருக்கும் தருவதா? எனக்கு முதல் பக்கம். இருப்பது கொஞ்சம், இல்லாதவனுக்கு முதலில் போகட்டும் என்று பேசத் தயாராக இருந்தேன். அது தவறென்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கணக்கு எண்ணைக் கேட்டுவிடுவார்களோ என்று அந்த அறையில் அத்தனை பேரும் செல்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தோம்.

"என் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்க," என்றேன்.

"உதவி நின்னுட்டா உன் வகுப்பு? டாக்ஸிக் காசு?" போர்வைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"பாத்துக்கலாம்க்கா."

"எங்க பாத்துக்குவே, வுயானி? உன்னை எனக்குத் தெரியாதா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை முசுகிசியை அவன் ஊர் மண்ணில் இறக்கினார்கள். அடுத்த மாதம் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது: வேறு வருமானம் கண்டறியப்பட்டதால் உதவி நிராகரிக்கப்பட்டது. முறையிட்டேன். பதில் இல்லை.

டாக்ஸிக்குக் காசில்லாமல் வகுப்புக்குப் போவது நின்றது. நேற்று வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் சாலையோரம் நின்றிருந்தேன். பழக்கமாக இருக்கலாம். வழியில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும் டாக்ஸி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. டவுனுக்குப் போகிறவர்கள் காட்டும் சுட்டுவிரல் தானாகவே மேலே எழுந்தது. சட்டென்று மடக்கிக் கையைக் காலியான கால்சட்டைப் பைக்குள் விட்டேன்.

ஓட்டுநர் பார்த்துவிட்டார். வண்டி நின்றது. கதவு இழுபட்டுத் திறந்தது. உள்ளே ஜன்னலோரம் ஓர் இருக்கை காலியாக இருந்தது.