இருபது நிமிடத்தில் அணையும் கம்ப்யூட்டர்

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள் அவள். திங்கட்கிழமை காலை ஒரு மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டாள். இருபது நிமிடம் ஓடிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டது. மதியத்துக்குள் அதே மாடிப்படியை நான்கு தடவை வரைந்தாயிற்று. மறுநாள் காலை படம் என்ஜினீயர் கையில் இருக்க வேண்டும்.

"வைரஸ்தான், சந்தேகமே இல்லை" என்றார் கணவர். பஸ் ஓட்டுகிறவர், அன்று அவருக்கு விடுமுறை. வைரஸைத் தேடும் புரோகிராமை ஓட விட்டார்கள். பாதி தேடுவதற்குள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பிளக்கை வேறு இடத்தில் மாட்டினார்கள். அப்போதும் அதே கதைதான்.

"புதுசு வாங்கிடலாமா?"

அவள் முறைத்த முறைப்பில் மனிதர் இரண்டடி பின்வாங்கினார்.

நாத்தனாருக்கு போன் போட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள், சாயங்காலம் வேலை முடிந்ததும் கருவிப் பையோடு வந்தாள். எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை.

"அண்ணி, போட்டவுடனே அணையுதா, கொஞ்சம் ஓடிட்டா?"

"இருபது நிமிஷம் ஓடிட்டு."

"அப்ப சூடா இருக்கும். ஓட விடுங்க."

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தவள், பத்தாவது நிமிடம் வெடுக்கென்று கையை எடுத்தாள். "இதுல துணியே தேய்க்கலாம் போலிருக்கே!"

கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, டார்ச்சோடு மேஜைக்குப் பின்னால் தலையை நுழைத்தாள். சூடான காற்று வெளியேறும் துளைகளை அடைத்துக்கொண்டு ஒரு சாக்ஸ் தொங்கியது. இடுக்கியால் தூக்கிக் காட்டினாள்.

"வைரஸைப் பிடிச்சாச்சு, அண்ணி."

பஸ்காரர் தலையைச் சொறிந்தார். "மழைக்கு காயவே மாட்டேங்குது. அங்க சூடா காத்து வருதேன்னு நேத்து போட்டேன். காலையில ஒண்ணைத்தான் எடுத்தேன் போல."

நான்கு மாடிப்படிகளும் கண்முன் வர, திட்டத்தான் வாயைத் திறந்தாள் அவள். ஆனால் அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு பீறிட்டது. நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள்.

பெட்டியைத் திறந்தால் மின்விசிறியில் தூசி கம்பளமாகப் படிந்திருந்தது. நாத்தனார் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து மூடினாள். இருபது நிமிடம் ஓடியது. நாற்பது நிமிடம். ஒரு மணி நேரமும் தாண்டியது.

ஐந்தாவது தடவையாக அவள் வரைந்த மாடிப்படியைப் பின்னால் நின்று பார்த்த நாத்தனார், "இவ்வளவு உயரமான படியா? ஏறுறவங்களுக்கு மூச்சு வாங்குமே" என்றாள். அளந்து பார்த்தால் உண்மைதான். அவள் இன்னும் இரண்டு படிகளைச் சேர்த்து, ஒவ்வொரு படியின் உயரத்தையும் குறைத்துப் படத்தை என்ஜினீயருக்கு அனுப்பினாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க, சாப்பாடு நான் பார்த்துக்கறேன்" என்று அடுப்படிக்குப் போனார் பஸ்காரர்.