இரட்டைப் பதினாறை நோக்கி

கிழக்கு மண்டலத் தொழில்முறை டார்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தேவிப்ரியா எறிந்த கடைசி அம்பு, அவள் கையை விட்டுக் கிளம்பி, பலகைக்குப் பாதி வழியில் காற்றில் நின்றுவிட்டது. அன்று சனிக்கிழமை. கல்கத்தாவில் பாலிகஞ்ச் நபோதய் சங்கத்தின் மாடி ஹாலில் உட்கார இடமில்லாமல் ஜனங்கள் ஜன்னல் மேடைகளில் ஏறி நின்றிருந்தார்கள். கண் உயரத்தில், கூர்முனை பலகையைப் பார்த்தபடி, ஆணியடித்தது போல அம்பு நின்றது. யாரோ மின்விசிறிகளை அணைத்தார்கள். பொதுவாக அந்தக் கூட்டம் எதற்கும் கத்தும். அன்று கீழே டிராம் தண்டவாளத்தைத் தாண்டும் பஸ்ஸின் சத்தம் மாடிவரை கேட்டது.

தேவிப்ரியா சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய அப்பா உத்தமன் யார்டில் வேலை பார்த்தார். ஊழியர்கள் கூடி விளையாடும் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கேரம் பலகைக்கு எப்போதும் ஆள் காத்திருந்ததால் அவள் சுவரில் சும்மா கிடந்த டார்ட்ஸ் பலகையிடம் போனாள். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் இன்ஸ்டிடியூட்டில் அவளோடு ஆடப் பெரியவர்கள் தயங்கினார்கள். பிறகு வங்கி வேலை, பொள்ளாச்சிக்காரனான ராஜ்மோகனோடு கல்யாணம், அக்‌ஷயா என்று ஒரு பெண். எல்லாவற்றுக்கும் நடுவில் ஆட்டம் நிற்கவில்லை. ராஜ்மோகனுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்தபோது இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிழக்கு மண்டலப் போட்டியில் ஜெயித்தவருக்கு வெளிநாட்டுத் தொழில்முறைச் சுற்றில் ஒரு இடம் உண்டு. அவள் ஜெயித்தால் அவன் வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டு வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வான். தோற்றால் மூவரும் கோயம்புத்தூர் போவார்கள். அதைப் பற்றி அப்புறம் பேச்சே இருக்காது.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவள் மஹிமா தத்தா. கரியாஹாட்டில் புடவைக் கடை வைத்திருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், அதற்கு முன் பலமுறை இறுதிவரை வந்து தோற்றவள். டார்ட்ஸில் எண்ணிக்கை மேலிருந்து கீழே இறங்கும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. பலகையின் ஓரத்தில் உள்ள மெல்லிய வளையத்தில் விழும் அம்புக்கு இரட்டை மதிப்பு. கடைசி அம்பு அந்த வளையத்தில் விழுந்துதான் கணக்கு பூஜ்யமாக வேண்டும். தேவிப்ரியாவுக்கு முப்பத்திரண்டு மிச்சம், அதாவது இரட்டைப் பதினாறு. இரண்டு அம்பு தவறியிருந்தது. மூன்றாவதும் தவறினால் முறை மஹிமாவுக்குப் போகும். அவளுக்கு எட்டுதான் மிச்சம், இரட்டை நாலு.

நடுவர் கோவிந்தராஜன் மயிலாப்பூரிலிருந்து வந்து கல்கத்தாவில் ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து அம்பைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். அம்பு தரையில் விழவில்லை, பலகையிலும் குத்தவில்லை, ஆகவே எறிதல் இன்னும் முடியவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். யாராவது அதைத் தொட்டால் முறை போய்விடும் என்றும் சொன்னார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சங்கம் வெளிநாட்டு இடத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது.

அம்பு நகரத்தான் செய்தது, ஆனால் முடி அளவு. ஈர நாட்களில் இன்னும் மெதுவாக. பல்கலைக்கழகத்திலிருந்து கருவிகளோடு வந்தவர்கள் அளந்து பார்த்து, அது வளையத்தின் கம்பியில் பட்டுத் தெறித்துவிடும் என்று சொன்னார்கள். தெறித்தால் மதிப்பு கிடையாது. பத்திரிகையில் அது வந்த காலையில் தேவிப்ரியா வங்கியில் இரண்டு பேருக்குக் கணக்கை மாற்றிப் போட்டாள். கரியாஹாட் பக்கம் வேறு பேச்சு கிளம்பியது: மதராஸிப் பெண் ஏதோ செய்துவிட்டாள், தோற்கப் பயந்து அம்பைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று. ஒருநாள் சந்தையில் கீரைக்காரி அவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். சரஸ்வதி பூஜையன்று யாரோ அம்புக்குக் கீழே தட்டில் பூ வைத்தார்கள். ஆட்ட நடுவில் களத்தில் பொருள் வைக்கக் கூடாது என்று கோவிந்தராஜன் எடுக்கச் சொன்னார்.

ராஜ்மோகன் அம்பு விழும்வரை என்று சொல்லித் தனியாகக் கோயம்புத்தூர் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், "எங்க நிக்குது?" என்று கேட்பான். "அப்படியேதான்" என்பாள். ஒரு மழைக்காலம் போனது, ஒரு துர்கா பூஜை போனது. அடுத்த மழைக்காலமும் வந்தது. அவன் கேட்பதில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வங்கி முடிந்ததும் ஹாலுக்குப் போய்க் எறியும் கோட்டுக்குப் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, அம்பின் வாலைப் பார்ப்பாள். ஒருநாள் உள்ளே விழும் போலிருக்கும், மறுநாள் வெளியே. வீட்டுக்கு வந்து சோறு இறங்காது.

அந்த நாட்களில்தான் மஹிமாவுக்குக் கண் போய்க்கொண்டிருப்பது தெரிய வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வந்தது. தேவிப்ரியா அவளைத் தேடிக் கரியாஹாட் போனாள். மஹிமா கடையில் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அடுக்கை விரலால் தடவிப் பார்த்து வைத்ததைத் தேவிப்ரியா கவனித்தாள். இருவரும் பேசியது வங்காளத்தில், அதில் மஹிமாதி என்றால் மஹிமா அக்கா.

"டாக்டர் இந்தக் குளிர்காலம் வரைக்கும்னு சொல்றார்," என்றாள் மஹிமா. "அதுக்கப்புறம் போர்டு எந்தச் சுவத்துலன்னு கேட்டுட்டுத்தான் எறியணும்."

"நான் தொட்டுட்டா உங்க முறை வந்துரும், மஹிமாதி."

"நான் கேட்டேனா உன்னை?"

"கேக்கல."

"அப்ப எனக்காகன்னு சொல்லிட்டு வராதே. அந்தப் பாரத்தை என் தலையில ஏத்தாதே."

தேவிப்ரியா வாசலைப் பார்த்தாள். "உங்களுக்காக இல்ல. அப்பா எங்கேன்னு என் பொண்ணை ஸ்கூல்ல கேட்டாங்களாம். அம்மா அம்பு இன்னும் விழல, அதனால ஊர்ல இருக்கார்னு சொல்லிட்டு வந்திருக்கா. ரொம்ப சாதாரணமா சொல்லியிருக்கா."

மஹிமா கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள். "நான் விட்டுக்கொடுத்து எறிய மாட்டேன், தெரியுமில்ல? குறி பார்த்துத்தான் எறிவேன்."

"தெரியும். அதுக்குத்தான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிறு பிற்பகலில் ஹால் மறுபடி நிரம்பியது. ராஜ்மோகன் வரவில்லை, அவள் அவனிடம் சொல்லவில்லை. கோவிந்தராஜன் அவள் அருகே வந்து தாழ்ந்த குரலில், "ஏம்மா, நன்னா யோசிச்சியோ? அது உள்ளே விழவும் விழலாம்," என்றார். "யோசிச்சாச்சு மாமா," என்று அவள் கோட்டைத் தாண்டி நடந்தாள். அத்தனை பேர் முன்னிலையில் அம்பை விரல்களால் பற்றினாள். அது சூடாகவும் இல்லை, குளிர்ந்தும் இல்லை. ஓடும் ரயிலின் ஜன்னல் கம்பி போல மெல்ல அதிர்ந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கையை எடுத்தாள். கோவிந்தராஜன் முறை முடிந்ததாக அறிவித்து மஹிமாவின் பெயரை அழைத்தார்.

மஹிமா கோட்டில் வந்து நின்றாள். பலகை எங்கே என்று கேட்கவில்லை. தலையை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பி, மிச்சமிருந்த பார்வைக்குள் அதைக் கொண்டுவர நேரம் எடுத்துக்கொண்டாள். முதல் அம்பு வளையத்துக்கு வெளியே போனது. கூட்டத்திலிருந்து ஒரு முனகல். இரண்டாவது அம்பு வளையத்துக்கு உள்ளே இறங்கி வெறும் நாலில் குத்தியது. இப்போது மிச்சம் நாலு. குறி இரட்டை இரண்டுக்கு மாறியது, பலகையின் கீழ்ப்பக்கம். அவள் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றாள். தேவிப்ரியா தன்னுடைய மூச்சு நின்றிருப்பதை உணர்ந்தாள், ஆனால் அது எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை. அது தவறட்டும் என்றா, படட்டும் என்றா?

அம்பு போய்க் குத்திய சத்தம் கேட்டது. கோவிந்தராஜன் பலகையருகே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மஹிமா கையை இன்னும் நீட்டியபடியே நின்றாள்.

"பட்டுச்சா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்தது தேவிப்ரியாதான். "பட்டுருச்சு, மஹிமாதி," என்றாள். "உள்ளதான். கம்பிகூட இல்ல."

அதற்குப் பிறகுதான் ஹால் கத்தியது.

மஹிமா வெளிநாட்டுச் சுற்றுக்குப் போனாள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள், இரண்டாவதில் தோற்றாள், குளிர்காலம் முடியும் முன் திரும்பி வந்தாள். கொஞ்ச காலத்தில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. கடையைத் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டு மாலைகளில் சங்கத்தின் ஹாலில் வந்து உட்கார்ந்தாள். ஆட்டக்காரர்கள் எங்கே அடித்தார்கள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வாள். தேவிப்ரியா பேச்சில்லாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். அழுதது ஹவுராவிலிருந்து கரக்பூர் வரைக்கும்தான். அவிநாசி ரோட்டில் ஒரு கிளப்பில் பலகை இருந்தது. அடுத்த ஆண்டே அவள் தென் மண்டலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். ராஜ்மோகன்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டான்.

அம்பு நபோதய் சங்கத்தில் அங்கேயே நின்றது. எதிர்ச்சுவரில் வேறொரு பலகை மாட்டிப் போட்டிகளை நடத்தினார்கள். குனிந்து போவது எல்லோருக்கும் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கழிவறை எங்கே என்று சொல்வார்கள், அடுத்து அம்பு எங்கே என்று.

தேவிப்ரியா போன பிறகு வந்த மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், இரண்டு கல்லூரிப் பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மஹிமா தலையைத் தூக்கினாள். பழைய பலகை இருந்த சுவரில் ஏதோ குத்திய சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு பழைய பலகைக்குப் போய், கம்பிகளை விரலால் தொட்டு எண்ணினாள். திரும்ப ஒருமுறை எண்ணினாள். கோவிந்தராஜனுக்குச் சொன்னபோது, ஆட்டம் என்றோ முடிந்துவிட்டது, முடிவில் மாற்றம் இல்லை என்றார். பிறகு அவள் கோயம்புத்தூருக்குப் பேசினாள்.

"விழுந்துருச்சு," என்றாள் மஹிமா.

"எங்க? கம்பியா?"

"இல்ல. இரட்டைப் பதினாறு. நட்ட நடுவுல."

கல்கத்தாவில் மழை பெய்வது தேவிப்ரியாவுக்குப் போனில் கேட்டது.

"எடுத்துடுங்க, மஹிமாதி," என்றாள் பிறகு. "பிள்ளைங்களுக்கு போர்டு வேணுமில்ல."

மஹிமா அதைச் சுலபமாகப் பிடுங்கி எடுத்தாள். பலகை கற்றாழை நாரால் ஆனது. துளை சாயங்காலத்துக்குள் தானாக மூடிக்கொண்டது.